நிறம் வெளுத்தால் கந்தகம் போய்விடாது

எரிபொருள் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பழைய டயரைச் சூடாக்கி எடுத்த எண்ணெயை, நிறத்தை உறிஞ்சும் களிமண்ணான வெளுப்பு மண்ணில் வடித்து, ‘கந்தகம் நீக்கியது’ என்று பாய்லருக்கும் ஜெனரேட்டருக்கும் விற்பவர்கள் உண்டு. மாதிரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், நாற்றமும் குறைந்திருக்கும். எக்ஸ்-ரே கருவியில் வைத்தால் கந்தகம் ஆயிரக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) காட்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் வண்டிக்கு ஊற்றும் டீசலில் அனுமதி வெறும் 10 பிபிஎம்!

மண் ஏமாற்றவில்லை, தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. கருமை தரும் பிசினையும் நைட்ரஜன் சேர்மங்களையும் அது முதலில் பிடித்துக்கொள்கிறது. கந்தகமோ பெரும்பாலும் தயோஃபீன், டைபென்சோதயோஃபீன் போன்ற வளைய வடிவ மூலக்கூறுகளுக்குள் இருக்கிறது. எண்ணெயில் ஏராளமாக உள்ள மற்ற அரோமாட்டிக் (பென்சீன் வகை) வளையங்களோடு அவை ஒத்துப்போவதால், சாதாரண மண்ணுக்குப் பிரித்தறியத் தெரியாது.

செம்பு ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்துக்கு அந்தத் திறன் ஓரளவு உண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் அழகான எண்களை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். பல சோதனைகள் ஆக்டேன் என்ற தூய திரவத்தில் ஒரே ஒரு கந்தகச் சேர்மத்தைக் கரைத்துச் செய்யப்பட்டவை. நிஜ டீசலை ஊற்றினால் அரோமாட்டிக்குகளும் நைட்ரஜனும் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும்.

உறிஞ்சும் முறை தொழிற்சாலை அளவில் ஜெயித்த இடமும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸின் போர்கர் சுத்திகரிப்பு ஆலையில் 2001-இல் பெட்ரோலுக்காக ஓடத் தொடங்கிய எஸ்-ஸார்ப் (S Zorb) என்ற முறை அப்படிப்பட்டது. சுமார் 400 டிகிரி செல்சியஸில், ஹைட்ரஜன் சூழலில், உறிஞ்சும் பொருளில் உள்ள நிக்கல் கந்தக அணுவைப் பிடுங்கும். பக்கத்திலிருக்கும் துத்தநாக ஆக்சைடு அதை வாங்கித் துத்தநாக சல்பைடாகும். பிறகு அந்த உறிஞ்சும் பொருளைக் காற்றில் எரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். அப்போது வரும் கந்தக டைஆக்சைடையும் பிடித்தாக வேண்டும். ஒரு டிரம்மில் மண்ணைக் கொட்டி வடிப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

கந்தகம் மிகுந்த எண்ணெய் எரிந்தால் புகைபோக்கியின் குளிர்ந்த பகுதியில் கந்தக அமிலம் படிந்து இரும்பை அரிக்கும். பக்கத்துத் தெருக்காரர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். அதனால் வாங்கும் முன் அந்த லோடுக்குரிய பிபிஎம் அறிக்கையைக் கேளுங்கள். ஒரு கிலோ மண்ணில் எத்தனை லிட்டர் ஓட்டினார்கள், எண்ணெய் ஊறிய பழைய மண் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அது அபாயக் கழிவு. ஏரிக்கரையில் கொட்டுவதற்கு உரியதல்ல.