ரீ-ரெக்கார்டிங்: சொல்லும் பொருளும்

தமிழ்த் திரையுலகில் 'ரீ-ரெக்கார்டிங்' என்றால், படத்தொகுப்பு முடிந்த பின் காட்சிகளுக்கேற்ற இசையை அமைத்துப் பதிவு செய்யும் பணி என்று பொருள். 'ராஜா ரீ-ரெக்கார்டிங்கில் படத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார்' என்று ரசிகர்கள் சொல்வதும் இப்பொருளில்தான்.

ஆங்கிலத்தில் இச்சொல் குறித்தது வேறொரு பணியை. 1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது, ஒலித்தடங்களைத் தரம் கெடாமல் கலப்பது கடினமாக இருந்ததால், உரையாடலோடு இசையும் வேண்டிய காட்சிகளில் நடிகர்கள் பேசும்போதே இசைக்குழுவும் அருகிலிருந்து வாசிக்க நேர்ந்தது. தனித்தனியே பதிந்த உரையாடலையும் இசையையும் பிற ஒலிகளையும் ஒரே தடத்தில் மீண்டும் பதியும் முறை 1930களின் தொடக்கத்தில் கைகூடியது. அந்த முறைக்கே இப்பெயர் உரியது. ஹாலிவுட்டில் இன்றும் 'ரீ-ரெக்கார்டிங் மிக்ஸர்' என்பவர் ஒலிகளைக் கலப்பவரேயன்றி இசையமைப்பவர் அல்லர். இசைப்பதிவும் ஒலிக்கலவையும் வெளியீட்டுக்கு முந்தைய கட்டத்தில் அடுத்தடுத்து நிகழ்வதால், இங்கே அப்பெயர் இசையின்மேல் படிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆகவே 'மறு ஒலிப்பதிவு' என்று நேராகப் பெயர்ப்பது பொருந்தாது. இசை அப்போதுதான் முதன்முறையாகப் பதிவாகிறது. வழக்கில் வேரூன்றிய சொல் 'பின்னணி இசை'. முன்னணிக்கு எதிரான பின்னணி, வரிசையில் பின்னே நிற்பதைக் குறிக்கும். பின்னணிப் பாடகர் திரைக்குப் பின்னிருந்து நடிகருக்குக் குரல் தருகிறார். பின்னணி இசையோ காட்சிக்கும் உரையாடலுக்கும் பின்னால் நின்று ஒலிக்கிறது.

பின்னால் நிற்பதால் அது சிறிய வேலையாகிவிடாது. ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். அவ்வாறு ரீல் ரீலாகப் படத்தைப் பார்த்துவிட்டு, வாத்தியத்தில் வாசித்துப் பாராமலேயே, ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரக் குறிப்புகளை இளையராஜா நேரடியாகத் தாளில் எழுதுவது திரையுலகம் நன்கறிந்த செய்தி. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில், 'தென்பாண்டிச் சீமையிலே' என்ற ஒரே மெட்டு, தாலாட்டின் கனிவும் ஒப்பாரியின் துயரமும் ஒருங்கே கொண்டு, நாயகனின் வாழ்க்கை நெடுகிலும் உடன் வருகிறது. வசனம் சொல்லாமல் விட்ட இழப்பை அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. அவருடைய பாடல்களைவிடப் பின்னணி இசையே உயர்ந்தது என்று வாதிடும் ரசிகர்கள் பலர். உணர்வு அழுத்தம் மிகுந்த குடும்பப் படங்களைப் பொறுத்தவரை அவர்கள் கருத்து எனக்கும் உடன்பாடே. தேசிய விருதுக் குழுவும் 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் பாடலிசையையும் பின்னணி இசையையும் தனித்தனியே பிரித்து, பின்னணி இசைக்கான விருதை மலையாளப் படமான 'பழசிராஜா'வுக்காக அவருக்கு அளித்தது.

இளைய ரசிகர்கள் 'பி.ஜி.எம்.' என்கிறார்கள். பின்னணி இசை முழுமைக்கும் உரிய அந்தச் சுருக்கம், அவர்கள் பேச்சில் பெரும்பாலும் நாயகன் தோன்றும்போது முழங்கும் இசைத்துணுக்கை மட்டுமே குறிக்கிறது. துணுக்கைத் தனியே கேட்டு மகிழ்வதில் தவறில்லை. எனினும், ஒருவர் அழத் தொடங்கும் வரை வயலின்களை நிறுத்திவைத்த இசையமைப்பாளரின் முடிவு அத்துணுக்கில் கேட்காது. மௌனத்தை எங்கே விடுவது என்பதும் இப்பணியின் ஒரு கூறுதான்.

எழுதும்போது, கேட்கும் இசையைப் 'பின்னணி இசை' என்றும், அதை உருவாக்கும் பணியைப் 'பின்னணி இசையமைப்பு' என்றும், ஹாலிவுட் குறிக்கும் பணியை 'ஒலிக்கலவை' என்றும் வேறுபடுத்துவது தெளிவு தரும்.