மலை இறங்குனதுக்கு அப்புறம் வர்ற தூக்கமும் அதைக் கண்டுபிடிக்கிற கேமராவும்

போன டிசம்பர்ல என் சித்தப்பா பையன் புதுசா எடுத்த கார்ல குன்னூர்ல இருந்து சேலம் கிளம்பினோம், ராத்திரி பத்து மணிக்கு. காட்டேரி தாண்டுனதுமே மிஸ்ட் இறங்கிருச்சு, பர்லியாறு வரைக்கும் முன்னாடி போற பஸ்ஸோட சிவப்பு லைட்டைப் பாத்துட்டே தான் வந்தோம், பதினாலு ஹேர்பின் வளைவும் முடிஞ்சு கல்லாறு பாக்குத்தோப்பு வந்தப்போ தான் தம்பி மூச்சு விட்டான். அவ்வளவு நேரமும் கார் ஒரு பீப் கூட அடிக்கல. அன்னூர் வழியா அவிநாசி வந்து சேலம் பைபாஸ் ஏறி, 90ல குரூஸும் (வேகத்தைக் காரே பாத்துக்கும்) லேன் அசிஸ்ட்டும் (கோட்டுக்குள்ளயே போக ஸ்டியரிங்கைக் காரே பிடிச்சுக்கும்) போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், டிங்னு சத்தம், மீட்டர்ல ஒரு காபி கப் படம். "அண்ணா நான் முழிச்சுட்டு தானே இருக்கேன், இது ஏன் கத்துது"ன்னான். கண்ணு திறந்து தான் இருந்துச்சு, ஆனா பெருமாநல்லூர் எப்போ தாண்டுனோம்னு கேட்டா அவனுக்குத் தெரியல.

மலையில வளந்த நாம எல்லாரும் பயப்படுறது ஹேர்பின்னுக்குத் தான். ஆனா ஹேர்பின்ல யாருக்கும் தூக்கம் வராது, அங்க கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் நொடிக்கு நொடி வேலை இருக்கு. மலை முடிஞ்சு ரோடு நேராகி, ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கார் பாத்துக்க ஆரம்பிச்சதும் தான் ஆபத்து வருது. இப்படி டிரைவருக்கு உதவுற வசதிகளை அடாஸ்னு (ADAS) சொல்வாங்க, இப்ப நம்ம ஊர்ல விக்கிற அடாஸ் கார் எல்லாம் அதிகபட்சம் லெவல் 2. அதாவது கார் ஓட்டும், ஆனா பொறுப்பு டிரைவரோடது, எந்த நொடியும் அவர் வாங்கிக்கத் தயாரா இருக்கணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா மனுஷ மூளைக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

இது கார் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானத்துல ரேடார் திரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தவங்க நீர்மூழ்கிக் கப்பலோட புள்ளியைத் தவற விட்டுட்டே இருந்தாங்க, ஏன்னு பாக்க நார்மன் மேக்வொர்த்னு ஒரு உளவியலாளர் ஒரு கடிகாரம் செஞ்சார். எண்ணே இல்லாத வெறும் கடிகாரம், முள்ளு நொடிக்கு ஒரு தடவை தாவும், எப்பவாச்சும் ஒரு தடவை மட்டும் ரெட்டைத் தாவல் தாவும், அதைப் பாத்ததும் பட்டனை அமுக்கணும், அவ்வளவு தான். 1948ல வந்த அந்த ஆய்வுல, முதல் அரை மணி நேரத்துக்குள்ளயே ஆட்கள் தவற விடுறது கூடிருச்சு. தம்பிக்கு காபி கப் வந்ததும் அரை மணி நேரத்துல தான்.

அதனால காரும் டிரைவரைக் கவனிக்க வேண்டியிருக்கு, அதுக்கு மூணு வழி இருக்கு.

முதல் வழி கை. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்குக்குள்ள ஒரு சின்ன கம்பி இருக்கு, நாம திருப்புறப்போ அது லேசா முறுக்கிக்கும், அந்த முறுக்கை வச்சு தான் மோட்டார் எவ்வளவு உதவணும்னு கணக்குப் போடும். அதே சென்சாரை வச்சே கை இருக்கா இல்லையான்னும் ஊகிக்கிறாங்க. குறை என்னன்னா, நேர் ரோட்டுல ஸ்டியரிங்கைச் சும்மா பிடிச்சிருந்தா முறுக்கே இருக்காது, கை இருந்தும் இல்லைன்னு கத்தும். ஒரு பக்கமா வெயிட்டைத் தொங்க விட்டா கையே இல்லாம இருக்குன்னு நம்பிரும், அதுக்குன்னே வெயிட் செஞ்சு வித்து, 2018ல அமெரிக்க அரசு தலையிட்டு நிறுத்த வேண்டியதாச்சு. இப்ப சில கார்ல ஸ்டியரிங் உறைக்கு அடியில மெல்லிசா ஒரு சென்சார் வலை வச்சிருக்காங்க, போன் டச் ஸ்கிரீன் மாதிரி தோல் பட்டாலே தெரிஞ்சுக்கும். ஆனா கை இருக்குறது வேற, கவனம் இருக்குறது வேற.

ரெண்டாவது வழி, ஓட்டுற விதம். முழிச்சிருக்குற டிரைவர் தனக்கே தெரியாம ஸ்டியரிங்கைத் துளித்துளியா திருத்திட்டே இருப்பார், கண்ணு சொக்குறப்போ அந்தத் திருத்தம் நின்னு போயி, அப்புறம் திடுக்குனு ஒரு பெரிய வெட்டு வரும். 2009ல மெர்சிடிஸ் கொண்டு வந்தது இந்த வகை, முதல் சில நிமிஷத்துல டிரைவரோட வழக்கமான ஓட்டத்தைப் படிச்சு வச்சுக்கிட்டு அதுல இருந்து விலகுனா எச்சரிக்கும். ஆனா அது வேலை செஞ்சது மணிக்கு 80 கிமீக்கு மேல. ஐரோப்பாவோட தூக்க எச்சரிக்கை சட்டத்துலயும் 70க்கு மேல போறப்போ வேலை செஞ்சா போதும்னு தான் இருக்கு. கல்லட்டியிலயோ கோத்தகிரி ரோட்டுலயோ யார் 70ல போறாங்க? அப்போ இந்த வகை சிஸ்டம் மட்டும் இருக்குற கார் மலையில உங்களைப் பாக்கவே இல்லைன்னு தெரிஞ்சுக்கங்க. லேன் அசிஸ்ட்டும் அப்படித் தான், வெள்ளைக்கோடு அழிஞ்ச இடத்துல, மிஸ்ட்ல, கூர்மையான வளைவுல சத்தமில்லாம விலகிக்கும், மீட்டர்ல பச்சையா இருந்த கோடு சாம்பலா மாறும், நிறைய பேர் அதைக் கவனிக்கிறதே இல்ல.

மூணாவது தான் கேமரா, எனக்கு இதுல நம்பிக்கை அதிகம். தம்பி கார்ல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி மீட்டர் பக்கத்துல விரல் நீளத்துக்குக் கறுப்பா பளபளன்னு ஒரு பட்டை, அதுக்குள்ள கேமராவும் ரெண்டு இன்ஃப்ராரெட் லைட்டும். காலையில இக்னிஷன் ஆன் பண்ணிட்டு என் போன்ல செல்ஃபி கேமராவைத் திருப்பிக் காட்டுனேன், வெறும் கண்ணுக்கு இருட்டா இருந்த இடத்துல ஊதா கலந்த வெள்ளையா ரெண்டு புள்ளி எரியுறது தெரிஞ்சுச்சு. டிவி ரிமோட்டுலயும் இதே மாதிரி பாக்கலாம். பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம், நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதனால ராத்திரி கூசாது. இன்னொரு காரணமும் இருக்கு, காத்துல இருக்குற நீராவி சூரிய ஒளியில இந்த அலைநீளத்தை நல்லாவே உறிஞ்சிரும், ஃபில்டர் போட்டு இதை மட்டும் உள்ள விட்டா வெயிலோட தொந்தரவு குறையும். தைல மரத்து நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்துல அடிக்கிற நம்ம ரோட்டுக்கு இது ரொம்பத் தேவை. ஒரு விஷயம், இது உடம்புச் சூட்டைப் பாக்குற கேமரா இல்ல, தன்னோட லைட் முகத்துல பட்டுத் திரும்புறதை மட்டும் தான் பாக்குது, ஊட்டி குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

படம் வந்ததும் மென்பொருள் முகத்துல கண்ணோட ஓரம், இமை, மூக்கு நுனி, வாய் ஓரம்னு புள்ளி வைக்கும், அதை வச்சு தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கணக்குப் போடும். கண்ணு எங்க பாக்குதுன்னு கண்டுபிடிக்கிறது இன்னும் அழகான விஷயம். இன்ஃப்ராரெட் லைட் கருவிழி மேல ஒரு சின்னப் பளிச் புள்ளியா விழும், கண்ணு உருண்டாலும் அந்தப் புள்ளி அதிகம் நகராது, கண்ணு நடுவுல இருக்குற கறுப்புப் பாப்பா மட்டும் நகரும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரமும் திசையும் தான் பார்வையோட திசை.

தூக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு, பெர்க்ளோஸ்னு சொல்றாங்க. ஒரு நிமிஷத்துல எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல மூடியிருந்துச்சுங்கிற கணக்கு. சாதாரணமா கண் சிமிட்டுறது நொடியில மூணுல ஒரு பங்கு கூட ஆகாது, தூக்கம் வர்றப்போ இமை மெதுவா இறங்கி மெதுவா ஏறும். நொடிக்கு 30 படம்னா நிமிஷத்துக்கு 1800 படம், அதுல 180ல கண்ணு மூடியிருந்தா 10 சதவீதம். தம்பி முழிச்சு தான் இருந்தேன்னு சொன்னதுல பொய் இல்ல, மூடுன அந்த நேரமெல்லாம் மூளையில பதியாது, கேமராவுல மட்டும் பதியும்.

மலையில இந்தக் கேமராவுக்கே ஒரு சிக்கல் வரும். வளைவுல திரும்புறப்போ டிரைவர் நேரா பாக்க மாட்டார், ஒன்னு ரெண்டு செகண்ட் முன்னாடியே வளைவோட உள் ஓரத்துக்குக் கண்ணு போயிரும்னு 1994லயே அளந்து காட்டிட்டாங்க. ஹேர்பின்ல இன்னும் மோசம், மேல இருந்து வர்ற பஸ்ஸைப் பாக்க சைடு ஜன்னல் வழியா தோளுக்கு மேல பாக்கணும். விவரம் தெரியாத சிஸ்டம் இதைக் கவனச்சிதறல்னு எடுத்துக்கும், நல்ல சிஸ்டம் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கு, இண்டிகேட்டர் போட்டிருக்கான்னு சேத்துப் பாத்து முடிவு பண்ணும். ஐரோப்பாவுல 2026 ஜூலைல இருந்து விக்கிற எல்லா புது கார்லயும் கவனச்சிதறல் எச்சரிக்கை கட்டாயம், 50க்கு மேல போறப்போ கண்ணு 3.5 செகண்ட் கீழயே இருந்தா கத்தணும், 20ல இருந்து 50க்குள்ள 6 செகண்ட். 30ல போனா 6 செகண்டுல 50 மீட்டர் போயிருவோம், நம்ம ரோட்டுல 50 மீட்டருக்குள்ள ஒரு ஹேர்பின்னே வந்து போயிரும். அதனால மலையில மடியில வச்ச போனைப் பாக்குறவங்களை இது காப்பாத்தும்னு நான் நம்ப மாட்டேன்.

மங்கி கேப்பை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு மஃப்ளரும் சுத்துனா வாய்ப் புள்ளிகள் மறைஞ்சிரும், கொட்டாவி தெரியாது, கண்ணு தெரிஞ்சா ஓரளவு சமாளிக்கும். நிறைய கூலிங் கிளாஸ் இன்ஃப்ராரெட்டை உள்ள விட்டுரும், அதனால பிரச்சினை இல்ல, கண்ணாடி மாதிரி பூச்சு போட்டது சிலது மட்டும் மறைக்கும். கேமராவுக்கு உண்மையிலயே கஷ்டமானது கண்ணு ரோட்டுலயே இருந்தும் மனசு வேற எங்கயோ இருக்குறது. அப்போ பார்வை நடுவுலயே குத்தி நிக்கும், மிரர் பாக்குறது குறையும், அதை வச்சு ஓரளவு ஊகிக்கலாம், உறுதியா சொல்ல முடியாது.

அன்னைக்கு அந்த காபி கப்பைப் பாத்துட்டு பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டினோம். தம்பி காபி குடிச்சுட்டு உடனே வண்டியை எடுக்கப் பாத்தான், நான் விடல. காபி மூளைக்கு வேலை செய்ய 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், அது வரைக்கும் குடிச்ச காபியால ஒரு பிரயோஜனமும் இல்ல. குடிச்சுட்டு சீட்டைச் சாய்ச்சு கால் மணி நேரம் தூங்கச் சொன்னேன், எந்திரிக்கவும் காபி ஏறவும் சரியா இருந்துச்சு, அதுக்கப்புறம் சேலம் வரைக்கும் காபி கப் வரல.