புரை ஏறி நின்னுடுச்சுன்னா எல்லாம் சரியாயிடுச்சா?

மாசி பங்குனி வந்தா எங்க தர்மபுரி பக்கம் வீட்டு வாசல் பூரா புளிதான். ஓடு ஒடச்சு, நாரு உருவி, கல்லு மேல வச்சு ஒரு தட்டு தட்டுனா கொட்ட தெறிச்சு விழும், அத தள்ளிட்டு அடுத்தது. சாயங்காலத்துக்குள்ள கூடை நெறஞ்சுடும், ஆனா எல்லா கொட்டையும் கூடைக்குள்ளயே விழறதில்ல, ரெண்டு கட்டிலுக்கு அடியில உருண்டு போகும், ஒண்ணு வாசப்படி இடுக்குல போயி நிக்கும். நாம பெருக்கிட்டோம்னு நெனைப்போம். தவழற குழந்தையோட கண்ணு தரையில இருந்து ஒரு அடி ஒசரத்துலதான இருக்கு, அதுக்கு எல்லாம் தெரியும், எடுத்த கை நேரா வாய்க்குத்தான் போகும்.

ஆனா எங்க வீட்ல பிரச்சனை பண்ணுனது புளியங்கொட்ட இல்ல, கல்லக்கா, அதான் நிலக்கடலை. அக்கா பையனுக்கு அப்ப ஒன்ற வயசு. வறுத்த கல்லக்கா ரெண்டு கையில வச்சுக்கிட்டு ஓடிட்டு இருந்தான், திடீர்னு புரை ஏறுச்சு, கண்ணுல தண்ணி வர இருமுனான். ஆயா உச்சந்தலைல தட்டி "யாரோ நெனைக்கறாங்க கண்ணு"ன்னாங்க. ரெண்டு நிமிஷத்துல இருமல் நின்னுச்சு, அவன் மறுபடி வெளையாட போயிட்டான், நாங்களும் மறந்துட்டோம்.

இந்த "நின்னுச்சு" இருக்கே, அதுலதான் ஆபத்தே. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா புரியும்.

தொண்டைக்கு கீழ ரெண்டு கொழா இருக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு மூச்சுக்கு. முழுங்கும்போது ஒரு நொடி மூச்சு நிக்கும், குரல்வளை மேல ஏறும், அதோட மூடி மடங்கி மூச்சுக்கொழாய அடைக்கும், குரல் நாணும் சேந்து மூடிக்கும். பெரியவங்களுக்கு இது தானா நடக்கும், சின்ன குழந்தைக்கு இந்த ஒத்துழைப்பு இன்னும் பழகல. வாயில ஏதாவது இருக்கும்போது சிரிச்சாலோ அழுதாலோ ஓடுனாலோ ஆழமா மூச்ச இழுக்கும், வாயில இருக்கறதும் அதோடயே உள்ள போயிடும். பல்லு விஷயமும் இருக்கு. முன்பல்லு கடிக்கத்தான், அரைக்கறதுக்கு கடவாப்பல்லு வேணும், ரெண்டாவது கடவாப்பல்லு வர்றதுக்கே ரெண்டு ரெண்டர வயசு ஆயிடும். அதுவரைக்கும் குழந்தை கல்லக்காய முன்பல்லுல ரெண்டா ஒடைக்கும், அவ்ளோதான். அந்த அரைப்பருப்புதான் மாட்டறதுக்கு சரியான சைஸ்.

எவ்ளோ சின்ன கொழான்னு பாக்கணும்னா குழந்தையோட சுண்டு விரல பாருங்க. மயக்க டாக்டருங்க மூச்சுக்கொழாயில போடற ட்யூப்புக்கு அளவு பாக்க ரொம்ப நாளா வச்சிருக்கற கணக்கு அதுதான், கிட்டத்தட்ட அந்த தடிமன். காத்து போற வழி பாதியா சுருங்குனா மூச்சு விட ரெண்டு மடங்குதான் கஷ்டம்னு நெனைக்காதீங்க, சீரா ஓடற காத்துக்கு கணக்கு ஆரத்தோட நாலாவது அடுக்குல போகுது, ஆரம் பாதியானா தடை 16 மடங்கு.

மேல குரல்வளையிலயே அடைச்சுக்கிட்டா உடனே தெரியும், சத்தமே வராது, ஒதடு நீலமாகும். அத தாண்டி கீழ எறங்கிட்டாத்தான் ஏமாத்தும். மூச்சுக்கொழா கீழ ரெண்டா பிரியுது, வலது பக்க கிளை கொஞ்சம் அகலம், கொஞ்சம் நேர் கோடு, அதனால பெரும்பாலும் அங்கதான் போயி ஒக்காரும். ஒக்காந்ததும் இருமல் கொறையும், ஏன்னா அந்த எடத்து நரம்பு கொஞ்ச நேரத்துல பழகிடுது. வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. மூச்சு இழுக்கும்போது கிளை லேசா விரியும், காத்து பருப்ப சுத்தி உள்ள போகும், விடும்போது சுருங்கும், காத்து வெளிய வர முடியாது. சைக்கிள் ட்யூப்ல வால்வு இருக்கற மாதிரி, போகும் ஆனா திரும்பாது, அந்த பக்க நுரையீரல் உப்பிக்கிட்டே இருக்கும். முழுசா அடைச்சுட்டா அதுக்கு நேர் எதிர், அந்த பக்கம் சுருங்கிப் போயி சளி கட்டும்.

கல்லக்காயில இருக்கற எண்ண சுவத்த புண்ணாக்கி வீங்க வைக்கும். புளியங்கொட்ட ஈரத்துல ஊறி பெருசாகும், வழவழப்பு வேற, இடுக்கியால பிடிச்சாலும் நழுவும். ரெண்டும் எக்ஸ்ரேல தெரியாது, எலும்பு, இரும்பு மாதிரி அடர்த்தியானதுதான் நல்லா தெரியும். உப்புன நுரையீரல் மட்டும் சில சமயம் கருப்பா காட்டிக் குடுக்கும், எக்ஸ்ரே நார்மல்னா உள்ள ஒண்ணுமில்லன்னு முடிவு பண்ண முடியாது.

புரை ஏறுனா என்ன பண்றதுங்கறத எல்லா வீட்லயும் தெரிஞ்சு வச்சுக்கணும். சத்தமா இருமுதுன்னா இரும விடுங்க, அதவிட பலமா தள்றது எதுவும் இல்ல. தலைல தட்டறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. சோத்து உருண்ட, வாழப்பழம், தண்ணி குடுக்காதீங்க, அது எல்லாம் சாப்பாட்டுக்கொழாக்கு, இங்க மாட்டிருக்கறது வேற கொழா. கண்ணுக்கு தெரியாதத வாயில வெரல விட்டு தேடாதீங்க, இன்னும் உள்ள போகும். இருமல் வரல, அழுக சத்தம் வரலன்னா ஒருத்தர் 108க்கு போன் பண்ணணும், இன்னொருத்தர் உடனே ஆரம்பிக்கணும். ஒரு வயசுக்குள்ளன்னா முன்கையில குப்புற படுக்க வச்சு, தல கீழ இருக்கற மாதிரி, முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு, திருப்பி நெஞ்சு நடுவுல 5 அழுத்து, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. ஒரு வயசுக்கு மேலன்னா முதுகுல 5 தட்டு, அப்புறம் பின்னாடி இருந்து கட்டிப் பிடிச்சு தொப்புளுக்கு மேல உள்ளயும் மேலயும் 5 அழுத்து, இந்த வயித்த அழுத்தறது 1974ல ஹெய்ம்லிக்ங்கற அமெரிக்க டாக்டர் சொன்ன முறை. ஒரு வயசுக்கு கீழ வயித்துல அழுத்தவே கூடாது, கல்லீரல் அடிபடும். மயங்கிட்டா தரையில படுக்க வச்சு சிபிஆர், அதாவது நெஞ்ச அழுத்தி, வாயால மூச்சு குடுக்கற முதலுதவி.

முழு கல்லக்காய நாலஞ்சு வயசு வரைக்கும் குடுக்க வேணாம், பொடி பண்ணி சோத்துல பெசஞ்சு குடுங்க, சத்து அதேதான். புளி தட்டற எடத்துல குழந்தை வேணாம், சீத்தாப்பழம் உரிக்கும்போதும் அப்படித்தான்.

எங்க பையனுக்கு மூணு வாரம் சளி, இருமல், வலது பக்கம் மட்டும் கர்ருனு சத்தம். போன எடத்துல மருந்து குடுத்தாங்க, கொறஞ்சுது, திரும்ப வந்துச்சு. அவங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், புரை ஏறுனத நாங்க சொல்லவே இல்ல. வேற ஒரு டாக்டர்தான் "சாப்பிடும்போது எப்பவாவது புரை ஏறுச்சா"ன்னு கேட்டாரு, அக்காவுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கே சேலம் அனுப்புனாங்க, மயக்கம் குடுத்து வாய் வழியா கொழா விட்டு எடுத்தாங்க. இந்த கொழா வைத்தியம் 1897ல ஜெர்மனில கில்லியன்னு ஒரு டாக்டர் ஒரு விவசாயியோட மூச்சுக்கொழாயில இருந்து பன்னி எலும்ப எடுத்ததுல ஆரம்பிச்சது. வெளிய வந்து ஒரு சின்ன பாட்டில்ல போட்டு காட்டுனாங்க. அரைப்பருப்பு, ஊறி உப்பி, பழுப்பா, ஓரமெல்லாம் குழைஞ்சு போயி. அக்கா அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் "மூணு வாரமா இதுதானா"ன்னு மட்டும் கேட்டா.