லாரி கேபினில் கட்டாய ஏசி: எந்த வண்டிக்கு, இழுவை குறையுமா, டீசல் யார் கணக்கில்?

2025 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி இருந்தே ஆக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அரசிதழில் அறிவித்த விதி இது. அமைச்சர் நிதின் கட்கரி அதற்குச் சில மாதம் முன்பிருந்தே இதைப் பற்றிப் பேசி வந்தார். 43 முதல் 47 டிகிரி வெயிலில் டிரைவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், அவர்கள் நிலை என்ன ஆகும் என்பது அவர் கேட்ட கேள்வி. முதலில் 2025 ஜனவரி என்று பேச்சு இருந்தது. கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து அக்டோபர் ஆக்கினார்கள்.

விதியில் என்2, என்3 என்று இரண்டு வகை வருகிறது. வண்டி எடையும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை இருந்தால் என்2. 12 டன்னைத் தாண்டினால் என்3. ஆக, 407-லிருந்து 16 சக்கர வண்டி, டிரெய்லர் இழுக்கும் 'குதிரை' எனப்படும் முன்வண்டி வரை எல்லாம் இதற்குள் வந்துவிடும். டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி 3.5 டன்னுக்கு உட்பட்ட சின்ன வண்டிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வெயில் அவர்களுக்கும் அதேதான் அடிக்கிறது, ஆனால் விதி அங்கே போகவில்லை.

கவனிக்க வேண்டியது, கணக்கு தயாரான தேதிக்குத்தான், வாங்கிய தேதிக்கு அல்ல. செப்டம்பரில் தயாராகி ஷோரூம் யார்டில் நின்ற வண்டியை நவம்பரில் வாங்கினால் அதில் ஏசி இல்லாமல் இருக்கலாம், அது தப்பும் இல்லை. ஆர்சியில் தயாரான மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிக்கு ஏசி போட்டே தீர வேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை. அப்படி யாராவது பயமுறுத்தி ஏசி கிட் (வெளியே வாங்கிப் பொருத்தும் ஏசி செட்) விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

கேபினோடு ஏசியைச் சோதிக்கும் முறைக்கு ஐஎஸ் 14618:2022 என்ற தரத்தை விதி காட்டுகிறது. பேருக்கு ஒரு பெட்டியை மாட்டிவிட்டு ஏசி என்று சொல்ல முடியாது என்பதற்காக இது. கேபின் இல்லாமல் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும் உள்ள சேசிஸாக வாங்கி நாமக்கல் பக்கம் பாடி கட்டுபவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிட்டைக் கொடுப்பது யார், பொருத்துவது யார், அது அங்கீகாரம் பெற்ற கிட்தானா என்பதை டீலரிடமும் பாடி பில்டரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நிற்கும்போது இந்தப் பேச்சை ஆரம்பித்தால் வண்டி யார்டில்தான் கிடக்கும்.

விலை ஏறியதே என்று கேட்கலாம். ஏறியது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதால், ஏசியின் செலவு பில்லில் அவ்வளவாக உறைக்கவில்லை.

சரி, ஓனர்கள் உண்மையில் கேட்கிற கேள்விக்கு வருவோம்: ஏசி போட்டால் வண்டி இழுக்குமா?

ஏசி கம்ப்ரசர் எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக ஓடுகிறது. அது எடுப்பதை எஞ்சின் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு? இரண்டு மூன்று பேர் உட்காரும் லாரி கேபினைக் குளிர வைக்கச் சுமார் 3 ஹெச்பி, கடும் வெயிலில் 4 அல்லது 5 ஹெச்பி போகும். 200 ஹெச்பி எஞ்சினில் இது இரண்டு சதவீதத்துக்குப் பக்கம். 100 ஹெச்பி வண்டியில் கொஞ்சம் தெரியும். அதுவும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவதில்லை. கேபின் குளிர்ந்ததும் கம்ப்ரசரின் கிளட்ச் விட்டுவிடும், சூடேறியதும் மறுபடி பிடிக்கும்.

இழுவையை உண்மையில் தின்பது ரேடியேட்டர் ஃபேன். ஏசி மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் இதற்குச் சேர வேண்டியது. பெரிய லாரியின் ஃபேன் முழு வேகத்தில் பிடித்துச் சுற்றும்போது 20, 30 ஹெச்பி சாதாரணமாகப் போகும், பெரிய எஞ்சின்களில் அதற்கு மேலும். ஃபேன் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது எடுக்கும் சக்தி எட்டு மடங்கு ஆகும், இரண்டோடு நிற்காது. அதனால்தான் ஃபேனை எப்போதும் எஞ்சினோடு இறுக்கிக் கட்டி வைக்காமல் நடுவில் விஸ்கஸ் கிளட்ச் வைக்கிறார்கள்.

கேபினைச் சாய்த்துப் பார்த்தால் ஃபேனின் நடுவில் வரிவரியாகச் செதில் போட்ட அலுமினிய வட்டு தெரியும், அதுதான் விஸ்கஸ் கிளட்ச். பல வண்டிகளில் அதன் முன்புறம் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு தகடு இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தத் தகடு விரிந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். சிலிக்கான் எண்ணெய் உள்ளே பாய்ந்து ஃபேனைப் பிடித்து இழுக்கும். காற்று ஆறினால் எண்ணெய் திரும்பிவிடும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். புதிய பிஎஸ்6 வண்டிகள் சிலவற்றில் இந்த வேலையை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மே மின்சாரத்தில் செய்கிறது.

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி லோடோடு தொப்பூர் ஏற்றம் ஏறிய டிரைவரைக் கேளுங்கள். பாதி ஏற்றத்தில் முன்னாலிருந்து 'ஹோ' என்று ஒரு இரைச்சல் கிளம்பும், ஆக்சிலேட்டர் முழுசாக மிதித்தே இருக்கும், வண்டி மட்டும் ஒரு பிடி தளரும். ஒரு கியர் இறக்க வேண்டி வரும். ஏசி ஸ்விட்சை அணைத்தாலும் அந்தத் தளர்வு உடனே போகாது, ஏனென்றால் அது ஃபேன் பிடித்ததால் வந்தது.

ஏசிக்கும் ஃபேனுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஏசியின் கண்டென்சர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். கேபினிலிருந்து உறிஞ்சிய சூட்டை அது அங்கேதான் கொட்டுகிறது. ரேடியேட்டருக்குப் போகும் காற்று சில டிகிரி சூடாகவே போய்ச் சேரும், ஃபேன் கொஞ்சம் சீக்கிரமே பிடிக்கும். சில வண்டிகளில் ஏசி கேஸ் அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினாலே ஃபேனை ஓட்டச் சொல்லி உத்தரவு போகும். கண்டென்சரிலும் ரேடியேட்டரிலும் வைக்கோல் தூசு, பூச்சி, சிமெண்ட் பொடி அடைத்திருந்தால் இந்த இரண்டும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். கம்ப்ரசரின் 3 ஹெச்பிக்குப் பயந்து ஏசியை அணைத்துவிட்டு, அடைத்துப்போன ரேடியேட்டரால் 25 ஹெச்பியை இழப்பது எனக்குப் புரியாத சிக்கனம். வாட்டர் சர்வீஸ் விடும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தண்ணீரை மெதுவான வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வேகமாக அடித்தால் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

விஸ்கஸ் கிளட்ச் கெட்டால் போல்ட் போட்டு ஃபேனை எஞ்சினோடு நேராக இறுக்கி 'டைரக்ட்' ஆக்கிவிடும் பட்டறைகள் உண்டு. வண்டி சூடாகாது, உண்மைதான். ஆனால் மழையிலும் ராத்திரியிலும்கூட ஃபேன் முழு வேகத்தில் சுற்றி டீசலைக் குடிக்கும். எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். அசையவே மறுத்தாலும் கோளாறு, காற்றாடி மாதிரி நிற்காமல் சுற்றினாலும் கோளாறு.

கம்பெனி சொல்லும் ஹெச்பிக்கும் ரோட்டில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளிக்கும் இந்த ஏசியும் ஃபேனும் ஒரு காரணம். எஞ்சின் நிகர சக்தியை அளக்கும் சர்வதேச சோதனை முறையில் ஏசி கம்ப்ரசரைக் கழற்றிவிட்டுத்தான் அளப்பார்கள். விஸ்கஸ் ஃபேனும் அதிகபட்சம் வழுக்கும் நிலையில், அதாவது பிடிக்காமல் சுற்றும் நிலையில் இருக்கும். ஏமாற்று வேலை இல்லை, எல்லா எஞ்சினையும் ஒரே அளவுகோலில் வைக்கும் முறை. ஆனால் மே மாத மதியத்தில் அந்த முழு எண்ணை எதிர்பார்க்க வேண்டாம்.

டீசல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 ஹெச்பி விடாமல் ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். எட்டு மணி நேரம் ஓட்டினால் நாலைந்து லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 400 ரூபாய்க்குப் பக்கம். கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். சம ரோட்டில் லோடு வண்டிக்கு எஞ்சினின் முழு சக்தி தேவைப்படுவதே இல்லை, அங்கே ஏசியால் வேகம் குறையாது, டீசல் மட்டும்தான் போகும். பணம் கரைவது வண்டியை நிறுத்திவிட்டு ஏசிக்காக எஞ்சினை ஓடவிடும்போதுதான். எஞ்சின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று லிட்டர் வரை போகும். டாடா தன் லாரி ஏசிகளில் எகோ, ஹெவி என்று இரண்டு நிலை கொடுப்பதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான். கேபின் குளிர்ந்த பிறகு எகோவில் வைத்தால் போதும்.

விதி தயாரிப்பாளரைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஏசி பொருத்து என்கிறது, ஓட்டு என்று யாருக்கும் சொல்லவில்லை. நம் பக்கம் பல இடங்களில் டிரைவருக்கு மைலேஜ் கணக்குத்தான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசி, அதைவிடக் கூடுதலாகச் செலவான டீசலுக்கு டிரைவரின் படிக்காசில் பிடிப்பார்கள். ஏசி இல்லாத பழைய வண்டியின் மைலேஜையே புது வண்டிக்கும் வைத்தால், ஏசிக்குப் போகும் டீசல் டிரைவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. அவர் ஸ்விட்சைத் தொடவே மாட்டார், ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுவார். ஆகவே புது வண்டி எடுக்கும் ஓனர் முதல் இரண்டு நடையில் ஏசியோடு ஓட்டச் சொல்லி, அதில் வரும் மைலேஜை வைத்துக் கணக்குப் பேச வேண்டும். டிரைவர்களும் சாவி வாங்கும்போதே இதைக் கேட்டுவிடலாம்: "அண்ணே, மைலேஜ் ஏசி போட்டா, போடாமலா?"