கடைசி ஐந்து மில்லிகிராம்

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி விடியற்காலையில் கண் விழிக்கிறார். புரண்டு படுக்க முடியவில்லை. இரண்டு தோள்களும் பூட்டிப்போட்டதுபோல் இறுகிக் கிடக்கின்றன. கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது. வெயில் ஏறிய பிறகு சற்றுத் தளர்கிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே அவதி. “வயசாகிவிட்டது” என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

இது பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோயாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு முன் பெரும்பாலும் வராது. பெண்களிடமும் வட ஐரோப்பியர்களிடமும் அதிகம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் பொதுவாக உயர்ந்திருக்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலேயே பலர் தாமாகத் தலை சீவிக்கொள்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வலி போய்விட்டதே, மாத்திரை எதற்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

வலி அடங்கினாலும் அழற்சி நீறு பூத்த நெருப்பாக உள்ளே இருக்கிறது. அதனால்தான் 2015-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை படிப்படியான இறக்கத்தைச் சொல்கிறது. நாளுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராமுக்குள் தொடங்கி, நான்கு முதல் எட்டு வாரங்களில் 10-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நான்கு வாரத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் குறைக்க வேண்டும்.

ஏன் இத்தனை நிதானம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-இலிருந்து 1 குறைத்தால் இருபதில் ஒரு பங்குதான் போகிறது. 5-இலிருந்து 1 குறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. 2-இலிருந்து 1 குறைத்தால் பாதியே போய்விடுகிறது. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு மில்லிகிராமும் கனக்கிறது.

இன்னொரு காரணம் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள். கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரப்பவை இவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி ஏவினால்தான் சுரக்கும். ரத்தத்தில் மாத்திரையின் ஸ்டீராய்டு நிறைந்திருந்தால் பிட்யூட்டரி ஏவுவதை நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் வேலையில்லாத அட்ரினல் சுருங்கி உறங்கிவிடுகிறது. உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் கார்ட்டிசால், ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். ஆகவே மாத்திரை 5-க்குக் கீழே இறங்கும்போது அந்தக் குறையைச் சுரப்பி நிரப்ப வேண்டும். அது விழித்தெழ நாளாகும். சட்டென்று நிறுத்தினால் சோர்வு, தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு. காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

தேவைக்கு மேல் நீட்டிப்பதும் தவறு. முதியவர்களின் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஸ்டீராய்டு அதை இன்னும் அரிக்கும். சர்க்கரையும் ஏறும். காலையில் விழுங்கும் மாத்திரை பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை உயர்த்துகிறது. வெறும் வயிற்றில் மட்டும் பரிசோதித்தால் அது கண்ணில் படாமலே போகலாம். எலும்புக்கான மருந்தையும் மாலைச் சர்க்கரைப் பரிசோதனையையும் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குறைக்கும் வழியில் தோள் மீண்டும் இறுகினால், முன்பு நன்றாக இருந்த அளவுக்கு ஏற்றி, மறுபடி மெல்ல இறங்குவார்கள். ஆனால் புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் ஆகியவை வந்தால் காத்திருக்கவே கூடாது. இதே நோயுடன் சேர்ந்து வரக்கூடிய, தலையின் ரத்தக் குழாய்களைத் தாக்கும் ஜயன்ட் செல் தமனி அழற்சியாக அது இருக்கலாம். அதற்குப் பல மடங்கு அதிக அளவு ஸ்டீராய்டு அன்றே தேவைப்படும். தாமதித்தால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.