ரீடவுட் வெடித்தால் முதலில் ஆற்றைத்தான் பார்க்க வேண்டும்

அலாஸ்காவில் குக் இன்லெட் கடற்கழிக்கு மேற்கே, ஆங்கரேஜ் நகரிலிருந்து சுமார் 170 கி.மீ. தென்மேற்கில் இருக்கிறது ரீடவுட் எரிமலை. உயரம் 3,108 மீட்டர். 1902, 1966-68, 1989-90, 2009 என நான்கு முறை வெடித்ததாகப் பதிவு இருக்கிறது. நான்கையும் புரிந்துகொள்ள லாவாவை விட்டுவிட்டுப் பனிக்கட்டியைக் கவனிப்பது நல்லது.

உச்சியில் சுமார் 1.8 கி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம், அது நிறையப் பனி. வடக்குப் பக்கம் அதன் சுவர் உடைந்து திறந்து கிடக்கிறது. அந்த வழியாகச் செங்குத்தான இடுக்கில் இறங்குவதுதான் டிரிஃப்ட் பனியாறு. அதன் உருகுநீர் டிரிஃப்ட் ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. எரிமலையின் வாயும் அதே பள்ளத்துக்குள் இருப்பதால், உள்ளிருந்து எது சரிந்தாலும் வடக்கே, பனியாற்றின் மேல்தான் விழும்.

800 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிலோ பாறை முழுக்க ஆறினால், கணக்குப்படி இரண்டு கிலோவுக்கு மேல் பனிக்கட்டியை உருக்கலாம். ஆனால் லாவா பனியின் மேல் சும்மா கிடந்தால் அவ்வளவு உருகாது. அடிப்பக்கம் சீக்கிரம் இறுகிவிடும். வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். ரீடவுட்டின் லாவா பிசுபிசுப்பானது, ஓடாமல் வாயிலேயே மேடாகக் குவியும். அந்த மேடு இடிந்து சரியும்போதுதான் வினை. சூடான பாறை பொடியாகிப் பனியை அரைத்துக்கொண்டே இறங்குகிறது. பொடிப்பொடியாக இருப்பதால் பனியைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. சில நிமிடங்களில் வெள்ளம் திரண்டுவிடுகிறது. மணல், கல், பெரிய பனிப்பாளங்கள் எல்லாம் கலந்து வரும் இந்த ஓட்டத்துக்கு லஹார் என்று பெயர்.

1966 ஜனவரியிலேயே இந்த ஆற்றில் அப்படியொரு வெள்ளம் வந்தது. மறு ஆண்டே அதே ஆற்றின் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் முனையம் கட்டினார்கள். இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. 1990 ஜனவரி 2 அன்று லாவா மேடு இடிந்து வந்த லஹார் முனையத்துக்குள் புகுந்தது. பிறகு தொட்டிகளைச் சுற்றிக் கரை எழுப்பினார்கள். 2009-இல் மறுபடி வெள்ளம் வந்தபோது தொட்டிகளில் 2 கோடி லிட்டருக்கும் மேல் எண்ணெய் இருந்தது. முழுக்கக் காலி செய்துவிடவும் முடியாது. காலித் தொட்டி வெள்ளத்தில் மிதந்து பெயர்ந்துவிடும். எண்ணெயை எடுத்துவிட்டுப் பாரத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது.

இழந்த பனியைப் பனியாறு திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. 1966-68 வெடிப்புகள் மேல்பகுதியை அழித்ததால் கீழ்ப்பகுதி தனியே துண்டாகி நின்றது. மேலே பொழிந்த பனி இறுகி, சுமார் எட்டு ஆண்டுகளில் கீழே இறங்கி அதோடு சேர்ந்துகொண்டது. அதாவது அடுத்த வெள்ளத்துக்கான தண்ணீர் தயார்.

வானத்திலும் ஆபத்து உண்டு. 1989 டிசம்பர் 15 அன்று சாம்பல் மேகத்துக்குள் சிக்கிய கேஎல்எம் விமான நிறுவனத்தின் போயிங் 747-இன் நான்கு என்ஜின்களும் நின்றன. மேகத்தைவிட்டு மேலேற விமானி விசையைக் கூட்டியதில் உள்வெப்பம் ஏறியது. சாம்பல் உருகி டர்பைன் பாகங்களில் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டது. விமானம் சுமார் 4 கி.மீ. கீழே இறங்கிய பிறகே என்ஜின்கள் உயிர் பெற்றன. ஆங்கரேஜில் பத்திரமாகத் தரையிறங்கியது. (சென்னை வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றுக்கு 1982-இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலை அருகே இதே கதி நேர்ந்தது.)

முன்னறிவிப்பு எவ்வளவு கிடைக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. 1989-இல் சிறு நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை, வெடித்துவிட்டது. 2009-க்கோ பல மாதங்கள் கிடைத்தன: 2008-இலேயே அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசிந்தது, உச்சிப் பனியில் ஓட்டைகள் விழுந்தன. 2009 மார்ச் 22 இரவு பெரிய வெடிப்புகள் தொடங்கின. அவற்றில் சிலவற்றுக்கு முன்னால் சிறு நிலநடுக்கங்கள் வேகமெடுத்து, வினாடிக்கு 30 வரை எட்டி, ஒன்றோடொன்று இழைந்து தொடர் அதிர்வாயின. பிறகு கருவியில் அதிர்வு அடங்கும். அதிகம் போனால் ஒரு நிமிடம், அடுத்து வெடிப்பு. கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் அந்த ஒரு நிமிடத்தை நம்பி இருக்க முடியாது. கருவி காட்டும் வேகம் கூடத் தொடங்கும்போதே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.