வண்டிக்குடமா, சக்கர மையமா?

மரச்சக்கரம் செய்யும் பழைய எந்திரங்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘சக்கர மையம்’ வந்து நிற்கிறது. ‘மர மையம் கடையும் எந்திரம்’, ‘மையத் துளையிடும் கருவி’ என்று வரிசையாக. ஆங்கில ‘ஹப்’பைப் பார்த்ததும் அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்களெல்லாம் வந்து செருகும் அந்த உருண்டைக் கட்டைக்குத் தமிழில் பெயர் குடம். தண்ணீர்க் குடத்தோடு குழம்பக் கூடாது என்றால் வண்டிக்குடம்.

சொல்லின் பிறப்பில் பெரிய புதிர் எதுவும் இல்லை. நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கும் வடிவம், அதனால் குடம். இதற்கு முந்திய பெயர் குறடு. சிறுபாணாற்றுப்படை தேர்ச் சக்கரத்தைக் ‘கூர் உளி பொருத வடு ஆழ் நோன் குறட்டு ஆரம் சூழ்ந்த அயில் வாய் நேமி’ என்கிறது. உளி வெட்டிய வடு ஆழப் பதிந்த வலிய குறடு, சுற்றிலும் ஆரங்கள், வெளியே நேமி என்ற விளிம்பு வட்டம். அந்த ‘வடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குடத்தில் உளிக்கு என்ன வேலை என்று பார்த்த கண் எழுதியது.

‘மையம்’ ஏன் ஆகாது என்றால், மையம் ஓர் இடம். குடம் ஒரு பொருள். இடத்தைக் கடையவும் முடியாது, உலர வைக்கவும் முடியாது. எந்திரத்துக்குப் பக்கத்தில் போனால் குழப்பம் இன்னும் மோசம். கடைசல் எந்திரத்தில் கட்டையை இரு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் கூர் உறுப்புகளுக்கே ‘சென்டர்’ என்றுதான் பெயர். அதையும் மையம் என்று மொழிபெயர்த்தால், ‘மையத்தை இரண்டு மையங்களுக்கு நடுவில் பொருத்தி, அதன் மையத்தில் துளையிடவும்’ என்று வரும். இதைப் படித்து யார் என்ன செய்ய?

இன்னொரு கூட்டம் ‘அச்சு’ என்கிறது. அச்சு என்பது குடத்துக்குள் நுழையும் தண்டு. போதாததற்கு, ‘அச்சு எந்திரம்’ என்றால் எல்லோருக்கும் அச்சகம்தான் நினைவுக்கு வரும். சரி, பழைய ‘குறடு’க்கே திரும்பலாமே என்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சொல் மேல் ஆசைதான். ஆனால் இன்றைக்குக் குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவி. ஒரு பட்டறைச் சொல்லை இன்னொரு பட்டறைக் கருவியின் தலையில் ஏற்றுவது தூய்மைவாதமே தவிர தெளிவு ஆகாது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சக்கரத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தச்சர் ஒருவரே செய்துவந்த குடத்து வேலை தனித்தனி எந்திரங்களுக்குப் பிரிந்து போனது. ஒன்று கட்டையைச் சுழற்றி வெளிவடிவத்தைக் கடையும். ஒன்று அச்சு நுழைய நடுவில் துளை குடையும். மூன்றாவதுதான் சுவாரசியமானது. குடத்தின் சுற்றுப்பரப்பில் ஆரக்கால் செருகும் நீள்சதுரத் துளைகளை வெட்டும். முதலில் துளைகருவி வட்டமாகத் துளைக்க, மேலும் கீழும் இயங்கும் உளி மூலைகளைச் செதுக்கும். ஒரு துளை முடிந்ததும் பகுப்புத் தட்டு குடத்தைச் சரியான கோணத்துக்குத் திருப்பி நிறுத்தும். 12 ஆரக்கால் என்றால் ஒவ்வொரு முறையும் 30 பாகை. கணக்கு பிசகினால் கடைசி ஆரக்கால் இடம் மாறி நிற்கும். இத்தனை துளை விழுந்தும் பிளக்கக் கூடாது என்பதால்தான் இங்கிலாந்தில் எல்ம் மரத்தைத் தேர்ந்தார்கள்; அதன் நார்கள் பின்னிக் கிடக்கும், எளிதில் பிளவாது. அதற்கு மேலும் குடத்துக்கு இரும்புப் பூண் போடுவார்கள்.

இவற்றைக் குடக் கடைசல் எந்திரம், அச்சுத்துளை எந்திரம், ஆரத்துளை எந்திரம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்றிலும் வேலை பெயரிலேயே தெரிகிறது. புதிதாக ஆக்கிய வேர் ஒன்றுகூட இல்லை.

கலைச்சொல் ஆக்குகிறவர்களின் வழக்கம்தான் புரியவில்லை. சொல் இல்லாத இடத்தில் ஆக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வண்டி செய்த சமூகத்தில் வண்டி உறுப்புக்குச் சொல் இருக்குமா என்று ஒரு தச்சரிடம் கேட்கத் தோன்றாதா? தமிழ் அகராதியில் ‘குடம்’ என்ற தலைப்பைப் புரட்டியிருந்தால்கூடச் சக்கர உறுப்பு என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. போக்குவரத்து மையம், வணிக மையம் என்று எழுதுங்கள், அங்கே ‘மையம்’ பொருந்தும். சைக்கிள் கடையில் ‘ஹப்’ என்கிறார்களா, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். மரச்சக்கரத்துக்கு மட்டும் குடம் என்றே எழுதுங்கள்.